அட்டையின் ஏழு அடி

ஏழு அடி என்றால் ஏழு அடிதான் என்று என் மைத்துனன் இன்றைக்கும் சொல்கிறான். நானும் அதையேதான் சொல்கிறேன். இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு இத்தனை வருடம் சண்டை போட முடியும் என்பதை யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்கள். அவன் என் வீட்டுக்கு வருகிறான், சாப்பிடுகிறான், என் முட்டுவலியைப் பற்றி விசாரிக்கிறான். நானும் பதில் சொல்கிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாராவது பேச்செடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, பாளையங்கோட்டை வீட்டில் இருந்தேன். மைத்துனன் என் மனைவியின் தம்பி. சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்தவன், கடல் போதும் என்று இறங்கிவந்து எங்கள் பக்கத்துத் தெருவில் குடியேறினான். மற்றவர்கள் கப்பலிலிருந்து டேப் ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். இவன் ஒரு பெட்டி கொண்டுவந்தான். அதில் ஒரு தடிப் புத்தகம், நாலு முகத்திலிருந்து இருபது முகம் வரை விதவிதமான பகடைகள். கப்பலில் வேலை இல்லாத நேரத்தில் பல நாட்டுக்காரர்கள் கூடி ஆடிய ஆட்டமாம்.

ஆட்டம் இதுதான். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். குகை வரும், காவல் வரும், கொடிய பிராணி வரும். அதோடு சண்டை போட்டால் வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொருவருக்கும் இத்தனை உசிர் என்று ஒரு எண் உண்டு. அடிபட அடிபட அது குறையும். பூஜ்யம் ஆனால் பாத்திரம் செத்தது. கதை சொல்லுபவரை நடத்துனர் என்றோம். ஆட்டத்துக்கு வந்த அச்சக அண்ணாச்சி அதைக் கண்டக்டர் ஆக்கிவிட்டார். "கண்டக்டர் விசில் ஊதுனாத்தான் வண்டி நகரும்" என்பார். ஜங்ஷன் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் அவருடையது. இன்னொருவர் கால்நடை மருத்துவர். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் மாடி அறையில் கூடுவோம்.

முதல் வாரம் என் மனைவி வடைத் தட்டோடு மேலே வந்தாள். வடையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். அண்ணாச்சியின் வீரன் ஒரு பாலத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். "இதுல பொம்பளையாளு ஒருத்தியும் கெடையாதா?" என்று தம்பியிடம் கேட்டாள். "நீ வாயேன் அக்கா" என்றான். அன்றைக்கே ஒரு வில்லாளியை உண்டாக்கிக்கொண்டாள். எங்களுக்குக் கல்யாணம் ஆகி அப்போது இருபத்தொன்பது வருடம். என் சிநேகிதர்கள் முன்னால் அவள் "காபி சாப்பிடுங்க" என்பதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. அந்த வில்லாளி ஒரு ராஜாவைப் பார்த்து, "ஏலே, கிரீடத்தக் கழத்தி வச்சிட்டுப் பேசு, மூஞ்சி தெரியல" என்றாள். அண்ணாச்சி சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். நான் சிரிக்கவில்லை. நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிராணிகளை நான் எழுதத் தொடங்கியது கோபத்தினால்தான். புத்தகத்தில் இருந்தவை எல்லாம் சோம்பேறிகள் யோசித்தவை. இது பலமாக அடிக்கும், அடுத்தது அதைவிடப் பலமாக அடிக்கும், அவ்வளவுதான். அண்ணாச்சி, டாக்டர், என் மனைவி என்று நம் ஆட்கள் மூன்று பேர் ஒரு சுற்றில் நான்கு முறை தாக்குவார்கள், அண்ணாச்சியின் வீரனுக்கு இரண்டு வாள் என்பதால். பிராணி ஒரு முறைதான் தாக்கும். நான்குக்கு ஒன்று என்றால் யார் பகடை போட்டாலும் இரண்டாம் சுற்றில் அது பிணம். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். மைத்துனன், "அப்ப உசிரக் கூட்டிருவோம் அத்தான்" என்றான். உசிரைக் கூட்டினால் சண்டை நீளும், பயமா நீளும்? தேர்வுத்தாளில் ஒரே கணக்கைப் பத்துத் தடவை கேட்டால் தாள் கடினமாகிவிடுமா? இந்த எளிய விஷயம் புரியாமல் புத்தகம் போட்டு விற்றிருக்கிறார்கள்.

பிராணியின் திறமை, எதிரே இருப்பவர்களை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைக்க வேண்டும். இதைச் செய்தால் அது போகும், அதைச் செய்தால் இது போகும் என்று முழிக்க வைக்க வேண்டும். நான் எழுதிய உப்பளத்து நண்டுக்கு ஓடு முழுக்க உப்புப் பாறை. வெட்டு ஏறாது. தண்ணீர் ஊற்றினால் உப்பு கரையும், வெட்டு ஏறும். ஆனால் பாரம் குறைந்த நண்டு இரட்டை வேகத்தில் வரும். தண்ணீர் ஊற்றலாமா வேண்டாமா என்று டாக்டரும் அண்ணாச்சியும் காபி ஆறும்வரை சண்டை போட்டார்கள். அதுதான் பிராணி. டாக்டர், "நண்டுக்கு உப்பு ஓடு கிடையாது சார்" என்றார். அவரிடம் நான் மாட்டு வைத்தியத்துக்கு வரவில்லை.

கொற்கையில் கடல் பின்வாங்கிப்போன இடத்தில், வயலுக்கு அடியில் ஒரு துறைமுகம் புதைந்து கிடப்பதாக மைத்துனன் கதை கட்டியிருந்தான். சேற்றுக்குள் ஒரு கப்பல், கப்பலின் அடித்தளத்தில் ஈரம். அங்கே வைக்க ஒரு பிராணி வேண்டும் என்றான். நான் அட்டை எழுதிக் கொடுத்தேன். பாபநாசத்துக்கு மேலே எஸ்டேட் பக்கம் போனவர்களுக்கு அட்டையைத் தெரியும். அது காலில் ஏறுவது தெரியாது, குடித்து முடித்த பிறகுதான் தெரியும். அதைப் படகு அளவுக்குப் பெரிதாக்கினேன். ஒருவரைப் பிடித்துக்கொள்ளும். சுற்று முடியும்போதெல்லாம் ஆறு உசிர் உறிஞ்சும். அதன் உசிர் அறுபது, அதைக் கொல்லுவது இப்போதைக்கு ஆகாது. ஆனால் அடிகளைத் தாங்காமல் பிடியை விடும். பிடிபட்டவரைக் காப்பாற்ற எல்லோரும் சேர்ந்து அதை அடிப்பதா, அல்லது அது ஒருவரைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் கப்பலில் கிடக்கும் புதையல் பெட்டகத்தை எடுத்துக்கொண்டு ஓடுவதா என்பதுதான் கேள்வி.

எத்தனை அடிக்குப் பிறகு விடலாம் என்பதற்காக மட்டும் ஒரு வாரம் கணக்குப் போட்டேன். எங்களில் உசிர் குறைந்தவள் வில்லாளி, பத்தொன்பது. ஒரு சுற்றில் நாலு தாக்குதலில் சராசரியாக இரண்டரை படும். மூன்று சுற்றில் ஏழு. மூன்று சுற்றுக்குப் பதினெட்டு உறிஞ்சினாலும் அவளுக்கு ஒன்று மிஞ்சும். அந்த ஒன்றை மிச்சம் வைப்பதற்குத்தான் அத்தனை கணக்கும். ஏனென்றால் அவள் முன்பே சொல்லியிருந்தாள்: "இவ செத்தா நான் அடுப்படிக்குப் போயிருவேன். திரும்ப ஒருத்திய உண்டாக்கிக்கிட்டு இருக்க என்னால ஆகாது." சொன்னால் செய்கிறவள். மைத்துனனும் செத்தவர் செத்தவர்தான் என்ற சட்டத்தில் அசைய மாட்டான். ஆகவே பயம் முழுசாக இருக்க வேண்டும், சாவு இருக்கக் கூடாது. அப்படி ஒரு பிராணியைச் செய்தேன்.

கல்யாணப் பத்திரிகைக்கு வெட்டி மிஞ்சிய கெட்டித்தாளில்தான் நான் எழுதுவது. அண்ணாச்சி கொடுப்பார். "அட்டைய அட்டையில எழுதியாச்சா சார்?" என்று அவர் கேட்ட பகடிக்கு அன்று நானும் சிரித்தேன். அதில் நான் எழுதிய வரி: "பிடித்தால் ஏழு அடி வரை விடாது."

இதில் என்ன சந்தேகம்? ஏழு அடி வாங்கும்வரை விடாது. ஏழாவது அடியில் விடும். தமிழ் தெரிந்த யாருக்கும் புரியும் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு கப்பலுக்குள் இறங்கினார்கள். பிராணிகளின் ரகசியம் எனக்குத் தெரியும் என்பதால் நான் ஆடுவதில்லை. புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு விழும் அடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அட்டை பிடித்தது வில்லாளியைத்தான். பகடை அப்படி விழுந்தது. முதல் சுற்றில் இரண்டு அடி பட்டது. ஆறு போய் அவளுக்குப் பதின்மூன்று. இரண்டாம் சுற்றில் இரண்டு அடி. அவளுக்கு ஏழு. மூன்றாம் சுற்றில் அண்ணாச்சியின் வீரன் இரண்டு வாளையும் இறக்கினான், இரண்டும் பட்டன. ஆறு கொட்டை. டாக்டரின் மந்திரவாதிக்குக் குறி தவறியது. என் மனைவி பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"வில்ல இழுக்க முடியாதுல்லா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"கை மாட்டிக்கிட்டு கெடக்கு அக்கா. இடுப்புல கத்தி இருந்தா அத எடுக்கலாம்."

"இருக்கு. காய் வெட்டுத கத்திய விட்டுட்டு நான் எங்கயும் போக மாட்டேன்."

போட்டாள். பகடையில் பதினெட்டு, குத்து பட்டது. அவள் கையாலேயே ஏழாவது அடி. நான் ஏழாவது கொட்டையை மேசையில் தட்டி வைத்து, "விட்டுட்டு!" என்று கத்தியே விட்டேன்.

மைத்துனன் நிமிர்ந்து பார்த்தான். "என்னத்த விட்டுட்டு அத்தான்?"

"பிடிய. ஏழு அடி ஆயிட்டு."

"ஏழு அடி எங்க ஆச்சு? இழுக்கவே ஆரம்பிக்கலையே."

எனக்கு விளங்கவில்லை. அவன் பொறுமையாக, கப்பலில் பயிற்சிப் பையன்களுக்குச் சொல்லுவதுபோலச் சொன்னான். அட்டையின் வாய் நீளும். பிடிபட்டவரை அதனிடமிருந்து ஏழு அடி தூரத்துக்கு இழுத்தால்தான் பிடி அறும். அதுவரை விடாது. அப்படித்தானே எழுதியிருக்கிறது?

"தூரமா? எவன் சொன்னான் தூரம்னு? அடி லே, அடி! அடிக்குத அடி!"

"அத்தான், போன மாசம் என்ன எழுதுனீங்க? 'நண்டு முப்பது அடி பாயும்'னு. முப்பது அடி வாங்கிட்டா பாய்ஞ்சுது?"

அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தினாலும் தோள் குலுங்கியது. நான் அவரைப் பார்த்தேன். "சார், கோவிச்சுக்காதீங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னால புரூஃப் பாத்திருக்கணும்" என்றார்.

"பாயும்னா தூரம். விடாதுன்னா அடி. இதுக்குப் புரூஃப் ஒரு கேடா?"

டாக்டர் இந்த நேரத்தில் பைய ஆரம்பித்தார். "ரெண்டுமே இல்ல சார். அட்டை அடிச்சாலும் விடாது, இழுத்தாலும் விடாது. வயிறு ரொம்புனா தானா விழும். இல்லைன்னா உப்பு வைக்கணும்." படித்த மனிதர். ஒரு பெண்ணின் உசிர் போய்க்கொண்டிருக்கும்போது உப்பு வைக்கச் சொல்கிறார்.

எழுதியவன் நான். அந்த வரிக்கு என்ன பொருள் என்பது என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? நான் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். செத்துப்போன புலவர் பாட்டுக்கு உரை சொல்லுவதுபோல அவன் எனக்கு உரை சொல்கிறான். இதைக் கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதில் இன்றைக்கும் என் நெஞ்சில் நிற்கிறது. "எழுதுறது நீங்க அத்தான். நடத்துறது நான். நான் தூரம்னு நெனச்சு கப்பலோட படத்தையே அதுக்குத் தக்கனதான் வரைஞ்சிருக்கேன். இப்ப மாத்துனா, அக்கா மாட்டுனதால மாத்துனதா ஆயிரும்." சனிக்கிழமையே கெட்டித்தாளைக் கொடுத்திருந்தேன். ஒரு சந்தேகம் என்றால் பக்கத்துத் தெருதானே, வந்து கேட்க வேண்டாமா? சந்தேகமே வரவில்லையாம். அதைப் பெருமையாகவே சொன்னான்.

மூன்றாம் சுற்று முடிந்தது என்று ஆறைக் கழித்தான். அவளுக்கு ஒன்று. நான் வைத்திருந்த ஒன்று அதுதான். ஆனால் இங்கே அது நிற்கவில்லை. நாலாம் சுற்றில் அண்ணாச்சியும் டாக்டரும் அவளை இழுத்தார்கள். ஏழு அடி இழுக்க இருபது முகப் பகடையில் பதினைந்துக்கு மேல் விழ வேண்டும் என்றான், அந்த நிமிடம் தோன்றிய எண். அண்ணாச்சிக்குப் பன்னிரண்டு. டாக்டருக்கு மூன்று. பிடி அறவில்லை. நான் கொட்டைகளை வாரி ஜன்னல் வழியாக வீசினேன். கீழே யாரோ, "எவம்லே அது?" என்று கத்தினார்கள்.

என் மனைவி தம்பியின் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ முதல்லயே தூரம்னுதான் நெனச்சியா? இப்ப சொல்லுததுக்காகச் சொல்லலையே?"

"சத்தியமா அக்கா."

"சரி. அப்ப செத்துட்டா."

உசிர்க் கணக்கு எழுதிய தன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காபி போடக் கீழே போனாள். காபியை அவள் கொண்டுவரவில்லை. படியில் நின்று கூப்பிட்டாள், நான்தான் போய் வாங்கிவந்தேன்.

எல்லோரும் போன பிறகு நான் சமையலறை வாசலில் நின்று பேசிக்கொண்டே இருந்தேன். அவன் செய்தது அநியாயம், எழுதியவனை மதிக்காதவன் எதை மதிப்பான், ஏழு கொட்டை ஏழு அடி, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் பாத்திரத்தைக் கழுவி முடித்துக் கையைத் துடைத்தாள்.

"கொஞ்சம் நிறுத்துதியளா?"

"உனக்காகத்தானே பேசுதேன்!"

"எனக்காக ஒருத்தரும் பேசல. நீங்க அட்டைக்காகப் பேசுனீங்க. அவன் தூரத்துக்காகப் பேசுனான். அந்த டாக்டர் உப்புக்காகப் பேசுனாரு. செத்தவ நான்தான், என்னை ஒருத்தர் கேக்கல."

"அடுத்த வாரம் வருவியா மாட்டியா?"

சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். திங்கள், செவ்வாய் போயின. அந்த வில்லாளி பேசிய பேச்சு இனிமேல் இந்த வீட்டில் கேட்காது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மைத்துனன் போன் பண்ணியபோது நான் எடுத்து, "அவ இல்ல" என்று வைத்தேன். அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். புதன்கிழமை அவளாகவே வந்து, "அந்தக் கெட்டித்தாள்ல ஒண்ணு குடுங்க" என்றாள். கொடுத்தேன். "ஞாயித்துக்கிழம நான் கண்டக்டர். நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க. அவங்கிட்ட சொல்லியாச்சு."

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அது ஞாயிறு மதியம் வரை நீடித்தது.

அவள் எழுதிவந்த பிராணி ஒரு குளத்துப் பேய். குளத்தின் நடுவே கிடக்கும். சண்டை தொடங்குவதற்கு முன்னாலேயே அதன் திறமையை உரக்கப் படித்துவிட்டாள், பிறகு யாரும் பொருள் கேட்கக் கூடாது என்று. தாளில் ஒரு எண் கிடையாது. "மேசையில் யாராவது கணக்குத் தப்பு என்று சொன்னால் இது ஒரு மடங்கு வளரும்."

நான் உடனே எதிர்த்தேன். இது பிராணியின் திறமையே அல்ல. பிராணி கதைக்குள் இருக்கிறது, மேசை கதைக்கு வெளியே இருக்கிறது. மேசையில் பேசுவது அதற்கு எப்படிக் கேட்கும்? எந்தச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது? இந்த ஒரு விஷயத்தில் மைத்துனனும் என் பக்கம் நின்றான். "அக்கா, அத்தான் சொல்லுதது ஞாயம். அதுக்குக் காது கேக்காதுல்லா?"

"என் பேய்க்குக் காது பெருசு" என்றாள். "கண்டக்டர் சொல்லியாச்சு. ஏறுதவங்க ஏறுங்க."

அண்ணாச்சி, "ரைட் போலாம்" என்று விசில் அடித்தார்.

நாங்கள் நான்கு பேர் குளத்துக்குள் இறங்கினோம். பேய் அப்போது ஆட்டுக்குட்டி அளவுதான் இருந்தது. அடிப்பதும் லேசாகத்தான் அடித்தது. இரண்டு சுற்றில் முடித்துவிடலாம். அவள் கழிக்க வேண்டியதை எங்களையே கழித்துக்கொள்ளச் சொன்னாள். மைத்துனனின் மாலுமிக்கு இருபத்து மூன்று உசிர். பேய் ஒன்பது அடித்தது. அவன் விரலை மடக்கிப் பார்த்து, "பதினஞ்சு மிச்சம்" என்று எழுதினான்.

டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார். அண்ணாச்சி வெற்றிலையை எடுத்து நிதானமாக நரம்பு கிள்ளினார். இரண்டு பேருக்கும் தெரியும். அவனுக்கே தெரியுமோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம், உதட்டின் ஓரம் அப்படி இருந்தது. என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். நான் பொறுத்தேன். என் முறை வந்தது, அடித்தேன், பட்டது. அண்ணாச்சியின் முறை போனது. அந்தப் பதினைந்து மேசையில் மைத்துனனின் தாளில் எனக்கு நேராக இருந்தது. ஒரு ஆசிரியரிடம் தப்பான விடையைக் காட்டி, பேசாதே என்று சொல்லுவது எப்பேர்ப்பட்ட கொடுமை என்று வகுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும்.

"பதினாலு" என்றேன்.

"என்னது?" என்றாள்.

"பதினாலுலே! இருபத்துமூணுல ஒம்பது போனா பதினாலு!"

பேய் வளர்ந்தது. மாடளவு ஆயிற்று. நான் எழுந்து நின்று, தப்பு என்று நான் சொல்லவே இல்லை, சரியான விடையைத்தான் சொன்னேன், இரண்டும் வேறு என்று விளக்கினேன். அதற்கும் வளர்ந்தது. விளக்கியதற்கு வளர்வது அவள் எழுதிய வரியிலேயே இல்லை என்று வாதாடினேன். குளம் பத்தவில்லை, கரை உடைந்தது என்றாள். நான்கு பேரும் செத்தோம். அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து சிரித்தார். என் மனைவி மேசையில் தலை வைத்துச் சிரித்தாள். ராஜாவின் கிரீடத்தைக் கழற்றச் சொன்னவள் சிரித்த அதே சிரிப்பு. அதற்குப் பிறகு நாங்கள் ஆடியவரை அவள்தான் கண்டக்டர். தம்பி இடத்தைக் கேட்டபோதெல்லாம், "டெப்போவுல போய்க் கேளுலே" என்று துரத்தினாள்.

அவள் மேசையை விட்டுப் போகவில்லை, அது எனக்குப் போதும். ஆனால் அந்தப் பேயை நான் ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதைத் தவிர அதை வெல்ல வழியே இல்லை. அப்படி ஒரே வழி மட்டும் உள்ள பிராணியை எழுதுவது மோசமான வேலை, யாரிடமும் சொல்லுவேன். இருபத்து மூன்றில் ஒன்பது போனால் பதினாலு. அதைச் சொன்னதற்காக எந்தப் பேயும் வளரக் கூடாது.